எரிக்கச் சொன்ன காகிதங்கள்
(வாசகர் கேள்வி – பதில்)

கேள்வி: என் மாமனார் தில்லியில் மத்திய அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவர். தமிழில் சிறுகதைகளும் இரண்டு நாவல்களும் எழுதியவர். சென்ற ஆண்டு காலமானார். கடைசி நாட்களில் என்னை அழைத்து, “முடிக்காமல் கிடப்பதையெல்லாம் எரித்துவிடு அம்மா, யார் கண்ணிலும் பட வேண்டாம்” என்றார். பரணில் ஒரு டிரங்குப் பெட்டி நிறையக் காகிதங்கள் இருக்கின்றன. அப்பா சொன்னபடி செய்துவிடலாம் என்கிறார் என் கணவர். எனக்கு மனம் வரவில்லை. ஆஸ்திரேலியாவில் நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் ஒருவரும் இப்படித்தான் சொன்னாராம். ஆனால் அவருடைய காகிதங்கள் இன்று நூலகத்தில் இருக்கின்றனவாம். அது உண்மையா? நான் என்ன செய்யட்டும்?
– ஒரு வாசகி, ஆர்.கே. புரம், புது தில்லி

பதில்: உண்மைதான். அந்த எழுத்தாளர் பேட்ரிக் வைட். 1912-இல் லண்டனில் பிறந்து, சிட்னியில் சிறுவயதைக் கழித்து, இங்கிலாந்தில் படித்து, இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப் படையின் உளவுப் பிரிவில் பணியாற்றி, போருக்குப் பின் ஆஸ்திரேலியாவுக்கே திரும்பியவர். 1973-இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. விழாவுக்குக்கூட அவர் ஸ்டாக்ஹோம் போகவில்லை. ஓவியர் சிட்னி நோலன் அவர் சார்பில் சென்று பரிசைப் பெற்றுக்கொண்டார். தம்மைச் சுற்றிக் கூட்டம் கூடுவதை அவ்வளவு வெறுத்த மனிதர் தம் காகிதங்களைப் பற்றி என்ன நினைத்திருப்பார் என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலிய தேசிய நூலகம் அவருடைய கையெழுத்துப் பிரதிகளைக் கேட்டபோது, 1977-இல் அதன் தலைமை இயக்குநருக்கு அவர் பதில் எழுதினார். கொடுப்பதற்குத் தம்மிடம் எதுவும் இல்லை, புத்தகம் அச்சாகி வந்ததும் கையெழுத்துப் பிரதியை அழித்துவிடுவது தம் வழக்கம், நண்பர்களின் கடிதங்களைத் தாம் வைத்துக்கொள்வதில்லை, தம்முடைய கடிதங்களையும் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றே அவர்களிடம் வற்புறுத்துவது உண்டு, தாம் சாகும்போது முடியாமல் கிடப்பவை எரிக்கப்பட வேண்டும் என்பது அதன் சாரம். உங்கள் மாமனார் சொன்னதும் ஏறக்குறைய அதே சொல்தான் என்பதைக் கவனியுங்கள்.

அந்தக் கடிதம் பாதிதான் உண்மை. 1964-இல் காசில் ஹில் என்ற இடத்திலிருந்த வீட்டைக் காலி செய்துகொண்டு சிட்னியின் சென்டெனியல் பார்க் பக்கம் குடிபோனபோது, அவர் பழைய பிரதிகளையும் கடிதங்களையும் கொல்லையில் போட்டுக் கொளுத்தினார். அவருடைய பெரிய நாவல்கள் சிலவற்றின் முதல் எழுத்து அப்படித்தான் போயிற்று. ஆனால் 1990-இல் அவர் மறைந்தபோது வீட்டில் நிறையவே மிச்சம் இருந்தது. அவருடைய இலக்கிய முகவரும், அவர் உயிலின்படி எழுத்துகளுக்குப் பொறுப்பேற்றவருமான பார்பரா மாப்ஸ் எதையும் எரிக்கவில்லை. உடனே யாரிடமும் கொடுக்கவும் இல்லை. வைட்டின் வாழ்நாள் துணைவரான மனோலி லாஸ்காரிஸ் 2003-இல் மறைந்தார். அதற்கும் மூன்று ஆண்டுகள் கழித்து, 2006-இல், எதுவும் இல்லை என்று பதில் பெற்ற அதே தேசிய நூலகம், முப்பதுக்கும் மேற்பட்ட பெட்டிகளில் பேட்ரிக் வைட்டின் காகிதங்கள் தன்னிடம் வந்துசேர்ந்துள்ளதாக அறிவித்தது. இளமையிலிருந்து வைத்திருந்த குறிப்பேடுகள், நாவல் வரைவுகள், நாடகங்கள், கடிதங்கள், புகைப்படங்கள், முடிக்காமல் விட்ட நாவல்கள் எல்லாம் அவற்றில் இருந்தன.

அந்தப் பதினாறு ஆண்டுகளை நான் மிகவும் மதிக்கிறேன். எரிக்கச் சொன்னவரின் சொல்லுக்கும் படிக்கக் காத்திருந்தவர்களின் ஆசைக்கும் நடுவில் ஒருவர் பெட்டியை மூடி வைத்துக்கொண்டு பொறுமையாக இருந்திருக்கிறார். எரிப்பதற்கும் அச்சிடுவதற்கும் இடையில் மூடி வைப்பது என்று ஒரு வழி இருக்கிறது. நம் வீடுகளில் அந்த வழி ஒருவருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

வைட்டின் விருப்பத்தை மீறியது துரோகம் இல்லையா என்று உங்கள் கணவர் கேட்கக்கூடும். நேர்மையான கேள்விதான். என் எண்ணத்தைச் சொல்கிறேன். எரிக்கத் தெரிந்தவர், ஒருமுறை எரித்தும் காட்டியவர், அந்தக் கடிதத்துக்குப் பின் பதின்மூன்று ஆண்டுகள் உயிரோடு இருந்தவர், அந்தக் குறிப்பேடுகளைத் தம் கையால் நெருப்பில் போடவில்லை. உண்மையிலேயே ஒழிக்க நினைப்பவர் அதை இன்னொருவர் பொறுப்பில் விட்டுச் செல்வது அரிது. உங்கள் மாமனாரும் அந்தப் பெட்டியைத் தம் கைக்கு எட்டும் பரணில் வைத்திருந்தார். சொன்னதோ மகனிடம்கூட இல்லை, மருமகளான உங்களிடம். நீங்கள் தயங்குவீர்கள் என்று தெரிந்தேதான் சொன்னாரோ என்று எனக்குத் தோன்றுகிறது. அவரை அறிந்தவர் நீங்கள். இதை ஏற்பதும் விடுவதும் உங்கள் கையில்தான் இருக்கிறது.

தமிழில் நெருப்புக்குப் போனவற்றின் கணக்கு ஏற்கெனவே பெரிது. உ.வே. சாமிநாதையர் ஏடு தேடிக் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்குப் போனபோது, அங்கிருந்த பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தில் இட்டுவிட்டதாகக் கேட்டு மனம் உடைந்ததைத் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். எரித்தவர்களுக்கு அதில் துளியும் பகை இல்லை. சாஸ்திரம் சொன்னதை மரியாதையோடு செய்ததாகவே அவர்கள் நம்பினார்கள். உங்கள் கணவரும் மரியாதையினால்தான் சொல்கிறார். ஆனால் ஒருமுறை எரிந்தது திரும்பி வராது என்பதை மட்டும் அவரிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

இன்னொன்று. அவர் எரிக்கச் சொன்னது “முடிக்காமல் கிடப்பதை”. கடிதங்களும், நாட்குறிப்புகளும், அச்சான கதைகளின் வரைவுகளும் அந்தச் சொல்லுக்குள் வருவதாக எனக்குத் தெரியவில்லை. ஆகவே முடியாத எழுத்துகளைத் தனியாக ஓர் உறையில் இட்டு ஒட்டி, அதன் மேல் அவர் சொன்னதை அவர் சொன்ன சொற்களிலேயே, தேதியோடு எழுதி வையுங்கள். இத்தனை ஆண்டுகளுக்கு யாரும் பிரிக்கக் கூடாது என்றும் எழுதலாம். அவருடைய விருப்பமும் அந்தக் காகிதங்களோடு சேர்ந்த ஓர் ஆவணம்தான்.

மற்றவற்றில் இப்போதைக்கு எதையும் அடுக்காதீர்கள். இதைச் சற்று அழுத்தமாகவே சொல்கிறேன். பல ஆண்டுகள் தில்லியில் ஒரு நூலகத்தின் சுவடிப் பிரிவில் வேலை பார்த்தபோது, ஒரு குடும்பத்தார் காலமான பெரியவரின் கடிதங்களை மிகுந்த அன்போடு சீர்செய்து கொண்டுவந்து கொடுத்தார்கள். போஸ்ட் கார்டுகள் ஒரு கட்டு, இன்லண்டு லெட்டர்கள் ஒரு கட்டு, மடித்த தாள்கள் ஒரு கட்டு என்று அளவுவாரியாகப் பிரித்திருந்தார்கள். குப்பையென்று நினைத்து உறைகளையெல்லாம் எறிந்துவிட்டிருந்தார்கள். கடிதங்களில் பலவற்றில் “செவ்வாய்க்கிழமை, இரவு” என்று மட்டும் இருந்தது. ஆண்டைச் சொல்லியிருக்கக்கூடிய தபால் முத்திரை அந்த உறைகளோடு போய்விட்டது. யார் யாருக்கு எப்போது பதில் எழுதினார் என்பதை எங்களால் கடைசிவரை கோக்க முடியவில்லை. எழுதியவர் எதை எதோடு சேர்த்து வைத்தாரோ, அந்தச் சேர்க்கையே ஒரு செய்தி. ரேஷன் கடைப் பில்லின் பின்பக்கத்தில் கதையின் முதல் வரி இருக்கும். அந்தப் பில்லின் தேதிதான் கதையின் பிறந்த தேதியாக இருக்கும்.

கேள்வி: மறைந்த எழுத்தாளர் முடிக்காமல் விட்ட நாவலை வெளியிடுவது சரியா? வைட் விஷயத்தில் அப்படி நடந்ததா?
– ஒரு வாசகர், மயூர் விஹார்

பதில்: நடந்தது. 1981-இல் அவர் எழுதத் தொடங்கிப் பாதியில் நிறுத்திய ‘தி ஹேங்கிங் கார்டன்’ என்ற நாவல், அவருடைய நூற்றாண்டான 2012-இல் புத்தகமாக வந்தது. போர்க்காலத்தில் சிட்னியில் அடைக்கலமான ஒரு சிறுமியையும் ஒரு சிறுவனையும் பற்றிய கதை அது. கையெழுத்தில் இருந்ததைச் சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வரிவரியாகப் படித்துப் பெயர்த்தெழுதினார்கள். பொறுப்பாளரான பார்பரா மாப்ஸ் அதைப் படித்துப் பார்த்து, யோசித்து, அதன் பிறகே இசைந்தார். முற்றுப்பெறாத நாவல் என்று வாசகரிடம் சொல்லித்தான் விற்றார்கள். இன்னொருவர் கையால் முடிவு எழுதிச் சேர்க்கவில்லை. முடியாத எழுத்தை வெளியிடுவதற்கு நான் வைக்கும் குறைந்தபட்ச நிபந்தனைகள் இவைதாம். இறந்த எழுத்தாளரின் கதையை அவர் பெயரிலேயே முடித்து வைப்பதை மட்டும் எக்காரணத்தாலும் என்னால் ஏற்க முடியாது.

அதே பெட்டிகளில் இருந்த வேறு முற்றுப்பெறாத நாவல்களுக்கு அந்த அவசரம் காட்டப்படவில்லை. வரைவாகவே அவை நூலகத்தில் இருக்கின்றன; தேவைப்படுகிற ஆய்வாளர் போய்ப் படித்துக்கொள்கிறார். எல்லாமே புத்தகமாக வேண்டும் என்பதில்லை.

கேள்வி: என் தந்தைக்கு ஒரு புகழ்பெற்ற எழுத்தாளர் எழுதிய நாற்பது கடிதங்கள் எங்கள் வீட்டில் உள்ளன. அவற்றைத் தொகுத்து வெளியிட எனக்கு உரிமை உண்டா?
– ஒரு வாசகர், கரோல் பாக்

பதில்: காகிதம் உங்களுடையது, வாசகம் அவருடையது. கடிதத்தைப் பெற்றவருக்கு அந்தத் தாள்தான் சொந்தம். அதிலுள்ள எழுத்தின் பதிப்புரிமை எழுதியவருக்கும், அவருக்குப் பின் அவருடைய வாரிசுகளுக்கும் உரியது. நீங்கள் கடிதங்களை வைத்துக்கொள்ளலாம், நூலகத்துக்குக் கொடுக்கலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் அச்சிட வேண்டுமானால் அந்தக் குடும்பத்தின் எழுத்துமூலமான ஒப்புதல் வேண்டும். நம் நாட்டில் எழுத்தாளர் மறைந்த மறு ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் இந்த உரிமை இருக்கிறது. அவர் மறைந்த பின்பே முதன்முதலாக அச்சேறிய எழுத்துக்கு, அச்சான மறு ஆண்டிலிருந்து அந்த 60 ஆண்டுகளைக் கணக்கிட வேண்டும். ஆஸ்திரேலியாவில் ஆசிரியர் மறைவுக்குப் பின் 70 ஆண்டுகள்.

ஆர்.கே. புரம் வாசகிக்கும் பயன்படும் ஒரு நுணுக்கம் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் இருக்கிறது. அச்சாகாத கையெழுத்துப் பிரதியை ஒருவர் உயில் மூலம் இன்னாருக்கு என்று எழுதி வைத்தால், உயிலில் வேறு விதமாகச் சொல்லாத வரையில், அதன் பதிப்புரிமையும் சேர்ந்தே அவருக்குப் போகிறது. உயில் இல்லாமல் பெட்டியை மட்டும் கையில் கொடுத்துச் சென்றால் அப்படி இல்லை. உரிமை எல்லா வாரிசுகளுக்கும் பொதுவாகிறது. பின்னால் வெளியீட்டாளர் கையெழுத்து கேட்கும்போதுதான் அண்ணன் தம்பிகளுக்குள் மனத்தாங்கல் தொடங்குகிறது. எழுதுகிறவர்கள் உயிருடன் இருக்கும்போதே உயிலில் ஒரு வரி எழுதிவிடுவது நல்லது.

வைட் தம் கடிதங்களைக் கிழித்தெறியச் சொல்லியும் நண்பர்கள் கிழிக்கவில்லை. ஊர் ஊராக அவர்கள் பத்திரப்படுத்தியதால்தான், டேவிட் மார் 1991-இல் அவருடைய வரலாற்றையும் 1994-இல் கடிதத் தொகுப்பையும் கொண்டுவர முடிந்தது. உங்கள் தந்தை அந்த நாற்பது கடிதங்களைக் காப்பாற்றியதும் அதற்குச் சமமான செயலே.

கேள்வி: தில்லி வெயிலிலும் புழுதியிலும் பழைய காகிதங்களைக் காப்பது எப்படி?
– ஒரு வாசகி, ஜனக்புரி

பதில்: முதல் எதிரி வெயில் அல்ல, கூலர். மே, ஜூனில் காற்றே உலர்ந்து கிடக்கும்போது கூலர் ஓடும் அறை மட்டும் ஈரமாகிறது, அணைத்ததும் காய்கிறது. இந்த ஏற்ற இறக்கத்தில் தாள் சுருண்டு நொறுங்கும். ஆகவே பெட்டி கூலர் இல்லாத அறையில், வெளிச்சுவரை ஒட்டாமல், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்கட்டும். மேல்மாடி வீட்டுப் பரண் ஜூன் மாதத்தில் அடுப்பாகிவிடும், ஆர்.கே. புரம் வாசகி பெட்டியை இந்த வாரமே கீழே இறக்கிவிடுவது நல்லது.

துருப்பிடித்த ஸ்டேப்ளர் ஊசிகளை இழுத்துப் பிடுங்காதீர்கள். தாளின் பின்புறம் மெல்லிய அட்டைத் துண்டு ஒன்றைச் செருகிக்கொண்டு, ஊசியின் கால்களை மெதுவாக நிமிர்த்தினால் கிழியாமல் வரும். ரப்பர் பேண்டுகளை எடுத்துவிட்டு வெள்ளைப் பருத்தி நாடாவால் தளர்வாகக் கட்டுங்கள். கிழிந்த இடத்தில் செல்லோ டேப் ஒட்டவே கூடாது. சில ஆண்டுகளில் அதன் பசை பழுப்பேறி மையையும் தின்றுவிடும். லாமினேஷன் அதைவிடக் கெடுதல். ராமபாணப் பூச்சிக்கும் கரையானுக்கும் சுத்தமான, காற்றோட்டமுள்ள, அடிக்கடி திறந்து பார்க்கப்படும் பெட்டிதான் மருந்து. அமிலம் நீக்கிய அட்டைப் பெட்டிகள் விற்கின்றன. கிடைக்காவிட்டால் கஞ்சி போடாத, நன்றாகத் துவைத்த பருத்தித் துணியில் சுற்றி வைக்கலாம். பாலிதீன் பை வேண்டாம்.

கேள்வி: தமிழ் எழுத்தாளரின் காகிதங்களை எந்த நூலகத்துக்குக் கொடுக்கலாம்? ஆஸ்திரேலியாவில் இருப்பதுபோல் நமக்கு ஓர் இடம் உண்டா?
– ஒரு மாணவர், தில்லிப் பல்கலைக்கழகம்

பதில்: தில்லியில் தீன் மூர்த்தி வளாகத்திலுள்ள நூலகம், இப்போது பிரதமர்கள் அருங்காட்சியகம் மற்றும் நூலகம் என்று பெயர் பெற்றது, தனிநபர் காகிதங்களுக்கு நாட்டிலேயே பெயர்போன இடம், ராஜாஜியின் காகிதங்கள் அங்கே இருக்கின்றன. ஆனால் அதன் ஆர்வம் அரசியல், சமூக வரலாற்றின் பக்கம். தமிழ் இலக்கியத்துக்கு நான் சென்னையைத்தான் சொல்வேன். தமக்கு வந்த ஆயிரக்கணக்கான கடிதங்களை வாழ்நாள் முழுதும் பத்திரப்படுத்திய உ.வே.சா.வின் பெயரிலுள்ள நூல் நிலையம் பெசன்ட் நகரில் இருக்கிறது. கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்துகொண்டே தனி ஒருவராகச் சேர்த்த ரோஜா முத்தையாவின் சேகரம், 1992-இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் காப்பாற்றப்பட்டு, இன்று அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாக நடக்கிறது.

ஆஸ்திரேலியாவில் இந்த வழக்கம் வேரூன்றியதற்குக் காரணம், எழுத்தாளர்களே முன்வந்து கொடுத்ததும்தான். டேவிட் ஸ்காட் மிட்செல் என்ற சேகரிப்பாளரின் கொடையால் 1910-இல் சிட்னியில் திறந்த மிட்செல் நூலகத்துக்கு, நாவலாசிரியை மைல்ஸ் ஃபிராங்க்ளின் தம் நாட்குறிப்புகள், கடிதங்கள், கையெழுத்துப் பிரதிகள் அனைத்தையும் உயில் எழுதிக் கொடுத்துவிட்டு 1954-இல் மறைந்தார். அதே உயிலால் அவர் பெயரில் ஒரு நாவல் பரிசும் ஏற்பட்டது. 1957-ஆம் ஆண்டுக்கான அதன் முதல் பரிசைப் பெற்ற நாவல் ‘வாஸ்’. எழுதியவர் பேட்ரிக் வைட். எல்லாவற்றையும் கொடுத்தவரின் பரிசு, எதையும் கொடுக்கமாட்டேன் என்றவருக்குப் போயிற்று. வைட்டும் நோபல் பரிசுப் பணத்தைத் தமக்கென்று வைத்துக்கொள்ளாமல், நெடுநாள் எழுதியும் உரிய கவனம் பெறாத எழுத்தாளர்களுக்காக ஒரு விருது ஏற்படுத்தினார்; 1974-இல் அதன் முதல் விருதைப் பெற்றவர் கிறிஸ்டினா ஸ்டெட்.

எங்கே கொடுத்தாலும் மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள்: கொடுப்பது கொடையா, பாதுகாப்புக்காகவா, பதிப்புரிமை யாரிடம் இருக்கிறது, எந்தக் கட்டு எத்தனை ஆண்டுகளுக்கு மூடியிருக்கும். உயிரோடிருப்பவர்களின் நோய், கடன், மண வாழ்க்கை பற்றிய கடிதங்களை மூடி வைக்கச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. நூலகம் அதை மறுத்தால் வேறு நூலகம் பாருங்கள்.

கேள்வி: நான் 2004 முதல் கணினியில்தான் எழுதுகிறேன். என்னிடம் கையெழுத்துப் பிரதியே இல்லை. எனக்கு இதெல்லாம் பொருந்துமா?
– ஒரு வாசகர், துவாரகா

பதில்: உங்களுக்குத்தான் அதிகம் பொருந்தும். மெல்பர்னிலுள்ள விக்டோரியா மாநில நூலகம், நாவலாசிரியர் பீட்டர் கேரி நாவல் எழுதப் பயன்படுத்திய மடிக்கணினியையே தன் சேகரத்தில் வைத்திருக்கிறது. உங்கள் 2004-ஆம் ஆண்டுக் கோப்புகள், எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோடு முறையில் இல்லாமல், ஏதாவது ஒரு பழைய தமிழ் எழுத்துருவில் இருக்கக்கூடும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஒரு சொல்லும் தெரியாது. ஆகவே முதலில் அந்த எழுத்துருவையே ஒரு கோப்பாகச் சேமியுங்கள். பிறகு ஒவ்வொரு கதையையும் யூனிகோடுக்கு மாற்றி, பழைய கோப்பை அழிக்காமல் பக்கத்திலேயே வையுங்கள். இரண்டு ஹார்டு டிஸ்குகளில் பிரதி எடுத்து, ஒன்றை வேறொரு வீட்டில் வையுங்கள். ஒவ்வொரு கதையின் முதல் வரைவையும் கடைசி வரைவையும் நல்ல தாளில் அச்செடுத்து, மேலே தேதி எழுதுங்கள். பழைய கணினியை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கும் முன் அதிலுள்ள மின்னஞ்சல்களைப் பிரதி எடுத்துவிடுங்கள். கடவுச்சொற்களைப் பேனாவால் ஒரு தாளில் எழுதி, உயில் இருக்கும் உறைக்குள் போட்டு, அந்த உறை எங்கே இருக்கிறது என்பதை வீட்டில் ஒருவரிடமாவது சொல்லி வையுங்கள்.